சியோலுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்

சண்டை போட்ட நாளிலும் என்னைச் சாப்பிட வைத்துவிட்டே படுக்கப் போன என் அத்தைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்களிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. இங்கே எல்லாரும் நலம். பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் வந்திருக்கிறது. சாயங்காலமானால் செவிலிமேடு பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் முடியாத காலோடு என்னையும் கிளப்பிக்கொண்டு போயிருப்பீர்கள்.

விசா வந்துவிட்டது, அத்தை. வருகிற வியாழக்கிழமை விமானம். கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. பாதி அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் நாம் இரண்டு பேரும் சியோலுக்குக் கிளம்பி, ஹாங்காங் வரைக்கும் போய், அங்கிருந்தே திரும்பி வந்தோம். ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வயசானவளுக்குப் பயம் வந்துவிட்டது என்கிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் விமான நிலையத்திலேயே சண்டை என்கிறார்கள். உங்கள் மகன்கூட ரொம்ப நாள் வரைக்கும் அதைக் கேட்க வாயெடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்வார். என்ன நடந்தது என்று நம் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. நீங்கள் போன பிறகு வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒரே மகன் குமரன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கொரியக் கம்பெனியில் இஞ்சினியர். எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷமே அவரைச் சியோலுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது நீண்டுகொண்டே போனது. அவர் போய் வீடு பார்த்ததும் நான் போவதாக ஏற்பாடு. அதற்குள் உங்களுக்கு நெஞ்சில் வலி வந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, கூடவே ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா இறந்து பல வருஷமாகியிருந்தது. உங்களைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவது?

யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. அவரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நானாகவே இருந்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. இருக்கச் சொல்லியிருந்தால் யார் மேலாவது கோபப்பட்டிருக்கலாம்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் எனக்கு வேலை. வெளியூர்க்காரர்களுக்கு வீடியோவில் புடவையை விரித்துக் காட்டி ஆர்டர் எடுப்பேன். உங்களைக் குளிக்க வைக்க ஆள் வேண்டும் என்றானதும் அதை விட்டேன். அதன் பிறகு உங்கள் மாத்திரை, உப்பில்லாத குழம்பு, கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பது, மத்தியானம் அவருடைய போன். அவருக்கு அங்கே இருட்டியிருக்கும்; நமக்கு அப்போதுதான் டீ நேரம். கேட்டைத் திறந்தால் டவுன் பஸ் போகிற சத்தம் கேட்கும். எனக்குத் தெருமுனை மளிகைக் கடையோடு எல்லை முடிந்துவிடும்.

உங்களுக்கும் அந்த வீடு அப்படித்தான் இருந்ததா? பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே, தெரு முழுக்கச் சொந்தக்காரர்களோடு வளர்ந்தவர் நீங்கள். மகன் கட்டிய புது வீடு என்று செவிலிமேட்டுக்கு வந்து, எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாரும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிற தெரு அது. பகலெல்லாம் நாம் இரண்டு பேர்தான். நான் உங்களைப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அப்போதெல்லாம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பீர்கள். அவன் இருக்கிற ஊர் எவ்வளவு தூரம்? நான் போனில் பார்த்துச் சொல்வேன். நேர்க்கோடு போட்டால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேராகப் பறந்தால் ஏழு மணி நேரம் ஆகலாம். ஆனால் நமக்குக் கிடைப்பதெல்லாம் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறுகிற விமானம்தான். ஹாங்காங் வழியாக என்றால் மீனம்பாக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு மூன்றரை மணி நேரம்.

 மறுவாரம் மறுபடி கேட்பீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அவர் எவ்வளவு நேரத்தில் வந்து நிற்பார் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

போன வருஷம் டாக்டர், பரவாயில்லை, ஒருமுறை போய் வரலாம் என்று சொன்னார். அன்றைக்கே உங்கள் மகன் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டார். மூன்று மாதம் தங்குவதாகத் திட்டம். கம்பெனி கொடுத்திருந்த ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு, இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தார். அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்று உயரமான கட்டிலாகத் தேடி வாங்கினார். கட்டிலை வீடியோவில் காட்டியபோது அவர் குரலே மாறிப்போயிருந்தது.

நான் போனைப் பார்த்துக் கொரிய எழுத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது, அர்த்தம்தான் தெரியாது. நீங்கள் பீரோவைத் திறந்து அரக்குக் கலர் பட்டுப் புடவையை எடுத்தீர்கள். அவ்வளவு நேரம் உட்கார்ந்து போக வேண்டும், பருத்திப் புடவை கட்டுங்கள் என்றேன்.

"பருத்தி கட்டிக்கினு போயி எறங்குனா, காஞ்சிபுரத்துக்காரின்னு எவன் நம்புவான்?" என்றீர்கள்.

விமானம் ஓடத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தீர்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் மருந்துக்கும் குளியலுக்கும் இல்லாமல் நீங்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை. மேகத்துக்கு மேலே போனதும் கையை விட்டுவிட்டுத் தூங்கிப்போனீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னால் இருந்த சின்னத் திரையில் நம் விமானம் வங்காள விரிகுடாவின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரம் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்தது, அத்தை. இப்போது சொல்வதில் என்ன தப்பு?

ஹாங்காங்கில் இறங்கியபோது வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. புயல் வருகிறது என்றார்கள். நம் விமானத்துக்கு நேரே முதலில் தாமதம் என்று போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ரத்து என்று மாற்றினார்கள். பிறகு பலகையில் இருந்த எல்லா ஊர்களுக்கும் அதே சொல் வரிசையாக வந்தது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை பக்கவாட்டில் அடித்தது. விமானங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்கள் நாற்காலியிலும் தரையிலும். விமானக் கம்பெனிக்காரர்கள் சாப்பாட்டுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் மீன் அல்லது கறி. நீங்கள் வாழைப்பழத்தையும் தயிரையும் வைத்து ஒரு நாளை ஓட்டினீர்கள். நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் முதல் வேளைக்கே முடிந்திருந்தது.

மறுநாள் காலையில், ஒரே குளிரூட்டின காற்றாக இருக்கிறது, கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கலாமா என்று கேட்டீர்கள். நான் போய் அதிகாரியிடம் கேட்டேன். அவர் நம் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். அந்த ஊருக்குள் போக வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டுமாம். நாம் வழியில் இறங்கியவர்கள். கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கலாம்.

அதை வந்து உங்களிடம் சொன்னேன். அந்தக் கதவைக் காட்டிக் கேட்டீர்கள்.

"அப்போ நாம எந்த ஊர்லதாம்மா இருக்கறோம்?"

  காஞ்சிபுரத்திலும் இல்லை, சியோலிலும் இல்லை, ஹாங்காங்கில் இருந்துகொண்டே ஹாங்காங்கிலும் இல்லை. செவிலிமேட்டு வீட்டில் இருந்தபோது எனக்குள் இருந்த அதே உணர்வு, அங்கே இவ்வளவு பெரிய கண்ணாடிக் கூடமாகக் கட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது.

நம் பக்கத்து நாற்காலியில் ஒரு சித்தூர் அம்மா இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார்பாளையத்தில் பழகிய தெலுங்கை வைத்துக்கொண்டு அவரோடு பேசத் தொடங்கினீர்கள். மகளின் பிரசவத்துக்காக டோக்கியோ போகிறவர் அவர். அன்று மத்தியானம் அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது. "மனவராலு, மனவராலு" என்று சொல்லிக்கொண்டு, பேத்தியின் படத்தை முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் காட்டினார். பையிலிருந்த கடலை மிட்டாயை எல்லாருக்கும் கொடுத்தார். கொடுத்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நீங்கள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, விமான நிலையத்துக்குள்ளேயே இருந்த மருத்துவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் நிதானமாக ஆங்கிலம் பேசினார். ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்ததால் வந்தது, கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு பறக்கலாம், இறங்கிய இடத்தில் உடனே இதய டாக்டரைப் பாருங்கள் என்றார். முகமூடியோடு நீங்கள் படுத்திருந்தபோது, அந்தப் பட்டுப் புடவையின் ஜரிகை தோளில் கசங்கி மடங்கிக் கிடந்தது. அதை நீவிவிட்டபடியே நான் நின்றிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் மழை விட்டது. விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: சியோலுக்கு மறுநாள் மத்தியானம்தான் இரண்டு இடம் இருக்கிறது. ஊருக்கே திரும்ப விரும்பினால், சென்னைக்கு இன்றைக்கே இடம் இருக்கிறது. சியோல் என்று வாயெடுத்தேன். சக்கர நாற்காலியிலிருந்து நீங்கள் என் புடவையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஊருக்கே போயிடலாம்மா."

உங்களுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக் குனிந்து சொன்னேன். "இன்னும் மூணரை மணி நேரம்தான் அத்தை. திரும்பிப் போறதுன்னா அஞ்சரை மணி நேரம். பாதி தூரத்துக்கு மேல வந்துட்டோம். ஒரு ராத்திரி பொறுத்துக்கிட்டா போதும்."

"தெரியும். நீதான் நெறைய தடவ சொல்லியிருக்கியே. ஊருக்கே போயிடலாம்."

அவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி உங்கள் காதில் வைத்தேன். முடியலப்பா, வருத்தப்படாதே, உன்னை அப்புறம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னீர்கள். நான் போனைத் திருப்பி வாங்கியபோது, அவருக்குப் பின்னால் ரயிலில் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதில் 'விமான நிலையம்' என்கிற ஒரு கொரியச் சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. ஹாங்காங்கிலிருந்து மறுபடி விமானங்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன என்று கேள்விப்பட்டு, எந்த விமானத்தில் வருகிறோம் என்றுகூடத் தெரியாமல், நம்மைக் கூட்டிப்போக அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் உங்களோடு பேசவில்லை. முன்னால் இருந்த திரையை அணைத்துவிட்டேன். சித்தூர் அம்மா கொடுத்த மிட்டாய் ஒன்று உங்கள் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமலே மீனம்பாக்கம் வரைக்கும் கொண்டுவந்தீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் பழையபடி நடந்தது. மாத்திரை, குழம்பு, கால் வீக்கம். வேண்டியதை மட்டும் பேசினோம். அவர் இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கம்பெனி அறைக்கே திரும்பிப் போனார். கட்டிலை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

தைக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், உங்கள் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் போனில் பேசி முடித்திருந்தார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி. நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நான் கேட்டேன், எதற்காகத் திரும்பி வந்தோம் என்று. டாக்டர் போகலாம் என்று சொன்னாரே, கிட்டத்தானே இருந்தோம், உங்களுக்கு உங்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லையா என்று கேட்டேன். அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

நீங்கள் காலை மடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மூணரை மணி நேரத்துல போயிருக்கலாம். போயி? அங்க அவன் வேலைக்குப் போயிடுவான். நான் கட்டில்ல படுத்துக்கினு இருப்பேன். நீ எனக்குக் கஞ்சி வச்சுக்கினு, காலைப் பிடிச்சுக்கினு அந்த ஊரையும் ஒரு ரூமாத்தான் பார்த்திருப்ப. செவிலிமேட்டுல அடைஞ்சு கெடக்கறது போதாதுன்னு, அவ்ளோ தூரம் போயி அங்கயும் அடைஞ்சு கெடக்கணுமா? அந்த ஆஸ்பத்திரி ரூம்புல நீ என் பொடவைய நீவிக்கினு நின்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் சொன்னீர்கள்.

"நீ அந்த ஊருக்கு மருமகளா போவாதம்மா. பொண்டாட்டியா போ. எனக்கப்புறம் போ."

அத்தை, அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். என் மேல் இருந்த அன்பால்தான் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நான் எப்படிக் காத்திருப்பேன்? முன்பெல்லாம் சியோலைப் பற்றி நினைத்தால் நினைப்பதோடு சரி. அன்றைக்குப் பிறகு அந்த ஊரின் பெயரை நினைத்தாலே உங்கள் சாவை நினைத்த மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு உடம்பு தேறினால் சந்தோஷப்படுவேன். அந்தச் சந்தோஷத்தின் அடியில் வேறொன்று இருக்கிறதா என்று என்னையே நான் தோண்டிப் பார்ப்பேன். உங்களுக்கு மூச்சு முட்டினால் ஓடி வருவேன். ஓடி வரும்போதே பயமாக இருக்கும், என்னைப் பார்த்து எனக்கே. கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் நீங்களே படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. உங்களைத் தாண்டாமல் எப்படிப் போவது?

ஒன்று மட்டும் மாறியது. நாம் பேசத் தொடங்கினோம். திருமுக்கூடல் கோயிலுக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு ஒருமுறை போய் வந்தோம். ஆற்று மணலில் கால் புதைய நான்கு அடி நடந்துவிட்டு, போதும் என்று சிரித்தீர்கள். எனக்கு வந்த கொரியச் சொற்களில் இரண்டு மூன்றை நீங்களும் கற்றுக்கொண்டீர்கள். போனில் 'சாப்பிட்டியா' என்று கொரிய மொழியில் நீங்கள் கேட்டபோது அவர் அசந்துபோனார்.

ஆடியில் ஒரு காலையில், நான் மாடியில் துணி காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தபோது நீங்கள் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். காபி டம்ளர் காலியாக இருந்தது. கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்தேன். பிறகு என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை.

அவரிடம் சொன்னதும் கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். அதே ஹாங்காங் வழி. பிள்ளையார்பாளையத்திலிருந்து உங்கள் தம்பி வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம், எவ்வளவு நேரம் பெட்டியில் வைத்திருப்பது, கொள்ளி வைக்க நான் இருக்கிறேன் என்றார். பெரியவர்கள் எல்லாரும் அவர் பக்கம்.

நான் அதுவரை சொந்தக்காரர்கள் நடுவில் சத்தமாகப் பேசியதில்லை. அன்றைக்கு, "அவர் வந்துக்கினே இருக்காரு மாமா. வரட்டும்" என்றேன். எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்டார்கள். கடல் மேலே என்றேன். போன் அணைந்திருந்தது, பறக்கிறவரை யாராலும் கூப்பிட முடியாது. ஆனால் அந்த வழி எனக்கு மனப்பாடம். இப்போது ஹாங்காங்கில் இறங்கியிருப்பார், இப்போது மாறி ஏறியிருப்பார், இனி ஐந்தரை மணி நேரம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கேட்டவர்கள் மெல்ல மெல்ல அடங்கி உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை விமானம் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அவ்வளவு தூரம் பறந்து வந்தவர், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் மாட்டி, அதைத் தாண்டி காஞ்சிபுரத்துக்குத் திரும்புகிற வெள்ளைகேட் பக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றதில் மறுபடி மாட்டிக்கொண்டார். காரை விட்டு இறங்கி, போகிற பைக் ஒன்றை நிறுத்திக் கெஞ்சி அதில் ஏறி வந்தார்.

நேராக வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தார். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "வீக்கமே இல்லையே," என்றார் என்னிடம். ஒரு மாதமாகவே குறைந்திருந்தது என்றேன். அன்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

காரியம் முடிந்து அவர் கிளம்புவதற்கு முன், என்னையும் வரச் சொன்னார். விசாவுக்கு எழுதிக் கொடுத்தோம். அப்போது மாமா தடுத்தார். வருஷம் திரும்புகிற வரைக்கும் வீட்டைப் பூட்டக் கூடாது, தினமும் விளக்கேற்ற வேண்டும், அது மருமகள் செய்ய வேண்டியது என்றார். உங்கள் மகன் என்னைப் பார்த்தார். முடிவு மறுபடியும் என்னிடம் வந்து நின்றது. இந்த முறையும் நானாகவே இருந்துவிட்டதாக ஆகிவிடப் பார்த்தது.

அதனால் மாமாவிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளில். ஹாங்காங்கில் ஏன் திரும்பினோம் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா அப்படியா சொல்லுச்சு?"

"ஆமாம் மாமா."

"எங்கிட்ட பயந்துட்டேன்னுதான் சொல்லுச்சு," என்றார். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு பாயையும் இரண்டு வேட்டியையும் பையில் வைத்துக்கொண்டு வந்து, விளக்கை நான் ஏற்றுகிறேன் என்றார். இப்போது இங்கேதான் இருக்கிறார். விளக்குக்குத் திரி திரிப்பது அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று தினமும் குறை சொல்கிறார். போகவும் மாட்டேன் என்கிறார்.

இப்போது என்னைத் தடுக்க யாரும் இல்லை, அத்தை. அப்படியும் பெட்டியை மூட முடியவில்லை. இத்தனை வருஷம் போக முடியாது என்பதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதை எடுத்துவிட்டால் நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியவில்லை. அவரோடு நான் சேர்ந்தாற்போல் இருந்த நாட்களைவிடப் போனில் பேசிய நாட்கள்தான் அதிகம். அந்த ஊரில் கதவைத் திறந்து வெளியே போனால் எந்தப் பக்கம் நடப்பேன்? போய் நின்றதும் அங்கேயும் ஒரு ஜன்னலோர நாற்காலியைத் தேடிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் கேட்டால் திட்டியிருப்பீர்கள். யாராவது திட்டினால் நன்றாக இருக்கும்.

ஆனாலும் வியாழக்கிழமை கிளம்புவேன். இதற்கு மேல் காத்திருந்தால் நீங்கள் திரும்பி வந்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் முதல் திதிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அது நம் கையில் இல்லை என்பதை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஆனால் கையில் நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம். வழியில் எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும், வந்துகொண்டே இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் உங்கள் மருமகளாகவே புறப்படும்
ரேவதி